பிரேம்களை எண்ணியவர்: ஜிகா வெர்த்தோவ்

வண்டியில் பூட்டிய குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடிவருகிறது. திடீரென்று அப்படியே உறைந்துவிடுகிறது. அடுத்து வண்டியில் வந்த பெண்ணின் முகம், ஒரு தெரு, ஒரு கிழவி, சில குழந்தைகள் என்று எல்லாம் அசையாப் படங்களாக வருகின்றன. பிறகு திரையில் ஃபிலிம் துண்டே தெரிகிறது, ஓரத்துப் பல் துளைகளோடு. அந்தத் துண்டு ஒரு பெண்ணின் கையில் இருக்கிறது. அவர் எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து, கத்தரிக்கோலால் வெட்டி, பெயர் எழுதிய தட்டுகளில் சுருள்களை அடுக்குகிறார். சற்று முன் உறைந்திருந்த குழந்தை இப்போது சிரிக்கத் தொடங்குகிறது. கடைசியில் குதிரையும் மறுபடி ஓடுகிறது.

சோவியத் இயக்குநர் ஜிகா வெர்த்தோவின் 'மூவி கேமராவுடன் ஒரு மனிதன்' (1929) படத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கடந்ததும் வரும் இடம் இது. மேசையில் இருப்பவர் எலிசவெத்தா ஸ்விலோவா, படத்தின் எடிட்டர், வெர்த்தோவின் மனைவி. கேமராக்காரர் மிகயில் காவ்ஃப்மன், வெர்த்தோவின் தம்பி.

பிரேமை, அதாவது ஃபிலிமில் உள்ள ஒற்றைப் படத்தை, உறைய வைக்க அன்று இருந்த வழி ஒன்றுதான். நெகட்டிவின் ஒரே பிரேமை பிரிண்டரில் நிறுத்தி வைத்துக்கொண்டு, பாசிட்டிவ் சுருளில் அதையே திரும்பத் திரும்ப அச்சிட வேண்டும். நொடிக்கு 24 பிரேம் என்று ஓட்டினால் மூன்று நொடி உறைவதற்கு 72 முறை. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஓடும் படத்தில் ஃபிலிமின் மணித்துகள்கள் பிரேமுக்குப் பிரேம் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் கண் அவற்றைப் பொருட்படுத்தாது. உறைந்த பிரேமில் அவையும் உறைந்துவிடும். நெகட்டிவில் அந்தப் பிரேமில் ஒரு தூசியோ கீறலோ இருந்தால் அந்த மூன்று நொடியும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதனால் எந்தப் பிரேமை உறைய வைப்பது என்பதே பாதி வேலை. கால்கள் தரையைத் தொடாத கணமா, தொட்ட கணமா? சுத்தமான பிரேமா, அழுக்கான பிரேமா? இந்தத் தேர்வு படப்பிடிப்பில் நடப்பதில்லை. மேசையில், ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நடப்பது.

வெர்த்தோவைப் பற்றிப் பேசினாலே 'கேமரா ஜாலம்' என்று ஆரம்பிப்பது வழக்கமாகிவிட்டது. ஜாலங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவரிடம் இருந்த பெரும்பாலான ஜாலங்கள் அவருக்கு முன்பே எல்லோரிடமும் இருந்தவை. அவருக்கே உரியது எண்ணிக்கை. எத்தனை பிரேம், அதற்கடுத்து எத்தனை, எந்தத் திசை அசைவுக்கு அடுத்து எந்தத் திசை என்ற கணக்கு. அந்தக் கணக்கு அவருக்கு இசையிலிருந்து வந்தது.

1896 ஜனவரி 2-ல் பியாவிஸ்தோக்கில் பிறந்தார். அன்று ரஷ்யப் பேரரசு, இன்று போலந்து. இயற்பெயர் தாவீத் காவ்ஃப்மன். பிறந்த ஊரில் முறையாக இசை படித்தவர். பிறகு பெத்ரோகிராதில் உளநரம்பியல் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். 1916 வாக்கில் தனக்கென்று ஒரு 'செவி ஆய்வகம்' வைத்துக்கொண்டு, இல்மென் ஏரிப் பக்கம் ஒரு மர அறுவை ஆலையின் சத்தத்தை எழுத்துகளாலும் சொற்களாலும் பதிவுசெய்யப் பார்த்திருக்கிறார். ஃபோனோகிராஃப் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. கேட்பதைப் பிடிக்கக் கருவி இல்லாததால், பார்ப்பதைப் பிடிக்கும் கருவிக்கு வந்தார் என்று சொன்னால் பெரிதாகத் தவறில்லை. புனைபெயரில் 'ஜிகா' என்பது உக்ரைனிய மொழியில் பம்பரம். 'வெர்த்தோவ்' என்பது சுழல்வதைக் குறிக்கும் ரஷ்ய வினையிலிருந்து வந்தது. பம்பரச் சுழலன் என்று தமிழாக்கலாம், நன்றாகத்தான் இருக்கிறது.

1918-ல் மாஸ்கோ சினிமாக் குழுவில் வேலை கிடைத்தது. சோவியத்தின் முதல் செய்திப்படத் தொடரான 'கினோ-நெதேலியா'வில் ('சினிமா வாரம்') வந்து குவியும் துண்டுகளைத் தொகுக்கும் வேலை. இயக்குநர் நாற்காலிக்கு முன்பே தொகுப்பாளர் நாற்காலி. எந்தப் போர்முனையில் யார் எடுத்தார், என்ன எடுத்தார் என்று இவரால் சொல்ல முடியாது. வந்ததை வைத்துக்கொண்டு ஒரு பொருள் உண்டாக்க வேண்டும். அந்தத் துண்டுகளையே மறுபடி எடுத்து 'புரட்சியின் ஆண்டுவிழா' (1918), 'உள்நாட்டுப் போரின் வரலாறு' (1921) என்று நீளப் படங்களும் செய்தார். இரண்டும் சிதறிப்போய், அண்மையில் நிக்கலாய் இஸ்வோலவ் என்ற ஆய்வாளரால் மறுபடி கோக்கப்பட்டவை. இடையில், சோவியத் தலைவர் கலினின் பயணம் செய்த 'அக்டோபர் புரட்சி' என்ற பிரச்சார ரயிலிலும் போய்வந்தார்.

1922-லிருந்து 1925 வரை 'கினோ-பிராவ்தா' ('சினிமா உண்மை') என்ற செய்திப்படத் தொடர், மொத்தம் 23 இதழ்கள். லெனினின் 'பிராவ்தா' நாளிதழின் பெயரைச் சினிமாவுக்கு மாட்டியது. வேலை நடந்த இடம் மாஸ்கோவின் நடுவில் ஒரு நிலவறை. ஈரம், இருட்டு, எலிகள். ஈரத்தால் ஃபிலிம் ஒட்டுகள் பிடிக்கவில்லை, கத்தரிக்கோலும் ஒட்டுக்கருவியும் துருப்பிடித்தன என்று அவரே குறித்திருக்கிறார். இதன் கஷ்டம் ஃபிலிம் ஒட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் விளங்கும். ஒட்டுவதற்கு முதலில் பிரேம் கோட்டின் ஓரத்தில் ஒரு சிறு பட்டைக்கு ஜெலட்டின் பூச்சைச் சுரண்ட வேண்டும். பிறகு சிமென்ட் தடவி, மேல் துண்டை வைத்துச் சில நொடிகள் அழுத்த வேண்டும். சிமென்ட் அடிப்படலத்தையே கரைத்து இரண்டையும் ஒன்றாக்குகிறது. பூச்சு சற்று மிஞ்சியிருந்தாலோ காற்றில் ஈரம் இருந்தாலோ பிடி பாதியாகிவிடும். புரொஜெக்டரில் முதல் இழுப்பில் பிரியும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு வெட்டு வைப்பவருக்கு இது தொல்லை. நொடிக்கு ஒரு வெட்டு வைப்பவருக்கு இது பேரிடர். அந்த நிலவறையில் இருந்துகொண்டே இவர் ஷாட்களை மேலும் மேலும் குறுக்கினார் என்பதுதான் எனக்கு வியப்பு.

இதே காலத்தில் அறிக்கைகளும் வந்தன. 1922-ல் 'நாங்கள்', 1923-ல் கவிஞர் மயகோவ்ஸ்கியின் 'லெஃப்' இதழில் 'கினோக்குகள்: ஒரு புரட்சி'. நடிகர், திரைக்கதை, ஸ்டுடியோ செட் மூன்றும் வேண்டாம் என்பது சாரம். குழுவின் பெயர் கினோக்குகள், அதாவது சினிமாக் கண்கள். அதன் மேலே வெர்த்தோவ், ஸ்விலோவா, காவ்ஃப்மன் அடங்கிய 'மூவர் குழு'. அறிக்கைகளின் ஆரவாரத்தைவிட 1926-ல் குழுவினருக்கு எழுதிய செயல்முறைக் குறிப்புகள் பயனுள்ளவை. அதில் எடிட்டிங்கை ஆறு கட்டமாகப் பிரிக்கிறார். கேமரா இல்லாமல் கண்ணால் கவனிக்கும்போதே ஒன்று, கவனித்து முடித்தபின் மனதில் ஒன்று, படம் பிடிக்கும்போது ஒன்று, பிடித்த கையோடு ஒன்று, துண்டுகளைக் கண்ணால் மதிப்பிடுவது ஒன்று, கடைசியாகத்தான் நாம் எடிட்டிங் என்று சொல்வது. அதாவது அவர் கணக்கில் எடிட்டிங் இல்லாத நேரமே இல்லை.

'கினோ-கிளாஸ்' ('சினிமாக் கண்', 1924) படத்தின் தலைகீழ்க் காட்சியை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கூட்டுறவுக் கடையில் தொங்கும் இறைச்சி பின்னோக்கிப் போகிறது. கசாப்புக் கூடத்தில் குடல் உள்ளே போகிறது, தோல் மூடுகிறது, மாடு எழுந்து நிற்கிறது, ரயிலேறி மந்தைக்குத் திரும்புகிறது. பின்னோக்கி ஓட்டுவதற்கு எளிய வழி, கேமராவைத் தலைகீழாகப் பிடித்து எடுத்து, கழுவிய துண்டை வால்பக்கம் தலையாகத் திருப்பி ஒட்டுவது. ஒலித்தடம் வராத காலத்தில் ஃபிலிமின் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி இருந்ததால் இது சரியாகவே பொருந்தும், இடம் வலம் மாறாது. ஆனால் ஒரே ஷாட்டைத் திருப்பிவிட்டால் வெறும் வேடிக்கைதான் கிடைக்கும். இங்கே ஒவ்வொரு ஷாட்டும் திருப்பப்பட்டிருக்கிறது, ஷாட்களின் வரிசையும் திருப்பப்பட்டிருக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் செய்திருந்தால் காரணத் தொடர் அறுந்து, மாடு எங்கிருந்தோ முளைத்தது போலிருக்கும்.

பிறகு 1926-ல் இரண்டு படங்கள். மாஸ்கோ சோவியத்துக்காக, அதாவது நகர மன்றத்துக்காக, 'முன்னேறு, சோவியத்தே!', வெளிநாட்டு வணிக நிறுவனமான கோஸ்தோர்குக்காக 'உலகின் ஆறில் ஒரு பங்கு'. இரண்டாவதை ஏற்றுமதி விளம்பரமாகத்தான் கேட்டார்கள். பரந்த நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கேமராக் குழுக்களை அனுப்பி, எழுத்து அட்டைகளில் 'நீ', 'நீங்கள்' என்று பார்வையாளரையே விளித்து, விளம்பரத்தை ஒரு பாட்டாக மாற்றிக் கொடுத்தார். செலவு கைமீறியது. அடுத்த படத்துக்குத் திரைக்கதை எழுதித்தர மாட்டேன் என்றும் பிடிவாதம் பிடித்தார். 1927 தொடக்கத்தில் அரசுத் திரைப்பட நிறுவனமான சோவ்கினோ அவரை வெளியே அனுப்பிவிட்டது. அவரைச் சேர்த்துக்கொண்டது உக்ரைனின் திரைப்பட நிறுவனமான 'வுஃப்கு'. அங்கே முதலில் தினீப்பர் நீர்மின் கட்டுமானத்தை மையமாக வைத்து 'பதினொன்றாம் ஆண்டு' (1928) எடுத்தார். அடுத்ததுதான் கேமராவோடு அலையும் அந்த மனிதன்.

ஒரு நகரத்தின் ஒரு நாளாகப் படம் காட்டுவது உண்மையில் ஒரே நகரம் இல்லை. கியேவ், ஹார்கிவ், ஒதேசா, கொஞ்சம் மாஸ்கோ. 1929 ஜனவரி 8-ல் கியேவில் முதல் காட்சி. எழுத்து அட்டை கிடையாது. சுமார் 68 நிமிடத்தில் ஏறக்குறைய 1,775 ஷாட். சராசரி எடுத்தால் ஒரு ஷாட்டுக்கு 2.3 நொடி. சராசரி இங்கே ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காலை விழிக்கும் பகுதியில் ஷாட்கள் நிதானமாக மூச்சுவிடும். முடிவில் ஸ்விலோவாவின் கண்ணும் தெருவும் மாறிமாறி வெட்டப்படும் இடத்தில் ஒன்றிரண்டு பிரேமில் ஷாட் முடிந்துவிடும்.

கேமரா பிரெஞ்சுத் தயாரிப்பான தெப்ரி பார்வோ. பெட்டி வடிவம், கைப்பிடி சுற்றி ஓட்டுவது, ஒரு சுற்றுக்கு 8 பிரேம். நொடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் 16. பெட்டியில் 120 மீட்டர் ஃபிலிம் கொள்ளும். அந்த வேகத்தில் அது ஆறரை நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். 24 பிரேமுக்குச் சுற்றினால் நாலரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். கை வேகமே வெளிச்சத்தையும் தீர்மானிக்கிறது. மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொரு பிரேமிலும் அதிக ஒளி விழும், திரையில் ஆட்கள் விரைவார்கள். வேகமாகச் சுற்றினால் ஒளி குறையும், அசைவு மிதக்கும். பாதியில் கை தடுமாறினால் திரையில் வெளிச்சம் துடிக்கும். வேகத்தை மாற்றும்போதே லென்ஸின் ஒளித் துவாரத்தையும் மாற்றத் தெரியாதவர் இந்தப் படத்தின் விளையாட்டுக் காட்சிகளை எடுத்திருக்க முடியாது.

போல்ஷாய் தியேட்டர் நடுவில் பிளந்து தன்மேலேயே மடியும் ஷாட்டை எடுத்துக்கொள்வோம். முதலில் லென்ஸின் முன் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, கேமராவை ஒரு பக்கம் மெல்லச் சாய்த்தபடி எடுக்க வேண்டும். எத்தனை பிரேம் ஓடியது என்று கவுன்டரில் பார்த்துக்கொண்டு, லென்ஸை மூடி, அதே அளவு பின்னோக்கிச் சுற்ற வேண்டும். பிறகு அட்டையை மறுபாதிக்கு மாற்றி, எதிர்ப்பக்கம் அதே வேகத்தில் சாய்க்க வேண்டும். கெட்டுப்போக வாய்ப்புகள் ஏராளம். அட்டை லென்ஸுக்கு மிக அருகே இருந்தால் பிரிகோடு மங்கலாகி இரண்டு பாதியும் கலங்கிவிடும். இரண்டு அட்டைகளும் சற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் நடுவில் இருண்ட கோடு, இடைவெளி விட்டால் வெளிறிய கோடு. பல் துளையில் ஃபிலிம் தளர்ந்திருந்தால் இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று நடுங்கும். எண்ணிக்கையில் பத்து பிரேம் தவறினால் ஒரு பாதி சாயத் தொடங்கிய பிறகுதான் மறுபாதி சாயும்.

ஒன்றன்மேல் ஒன்று ஏற்றும் ஷாட்களில் கணக்கு வேறு. கூட்டத்தின் மேல் ராட்சதனாக நிற்கும் கேமராக்காரர், பீர் கிளாஸுக்குள் குட்டியாக நிற்கும் கேமராக்காரர் இரண்டும் அந்த வகை. ஒரே பிரேமில் இரண்டு முறை ஒளி விழுவதால் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரு ஸ்டாப், அதாவது ஒளியில் பாதி, குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து வெளுத்துவிடும். ஒன்றின் பின்னணி முழுக் கறுப்பாக இருந்தால் மட்டும் குறைக்க வேண்டியதில்லை, கறுப்பில் எதுவும் பதிவதில்லை. முக்காலி தானே நடந்து வணக்கம் போடும் இடமோ ஸ்டாப் மோஷன். பிரேமுக்குப் பிரேம் காலை நகர்த்தி எடுத்தது.

இனி அவருடைய சொந்தச் சரக்கு. 'இன்டர்வல்' என்பார், இசையில் இரண்டு சுரங்களுக்கு நடுவே உள்ள தூரம். ஷாட்டைவிட, ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்குத் தாவும் தூரமே படத்தின் கட்டுமானப் பொருள் என்பது அவர் வாதம். 1929-ல் அதற்கு ஐந்து அளவுகோல் சொன்னார்: அண்மை-சேய்மை அளவு, கோணம், பிரேமுக்குள் அசைவு, ஒளி-நிழல், எடுத்த வேகம். ஒரு வெட்டில் ஐந்தும் மாறினால் உதை விழுந்தது போலிருக்கும். ஒன்று மட்டும் மாறினால் வழுக்கிச் செல்லும். திருமணம், மணமுறிவு, சவ ஊர்வலம், பிரசவம் என்று பின்னிச்செல்லும் பகுதியை பிரேம் பிரேமாக நகர்த்தும் பிளேயரில் போட்டு, ஒரு தாளில் ஷாட்டுக்கு எத்தனை பிரேம், அசைவு இடமா வலமா, அண்மையா சேய்மையா என்று மூன்று பத்தி மட்டும் எழுதிப் பாருங்கள். கருத்தால் இணைந்த ஷாட்கள் என்று நினைத்தவை திசையாலும் இணைந்திருப்பது இருபது ஷாட்டுக்குள் தெரிந்துவிடும். பதிவு அலுவலகத்தில் ஒரு பெண் கேமராவைப் பார்த்துக் கைப்பையால் முகத்தை மறைத்துக்கொள்வாள். அதையும் வெட்டி எறியாமல் கணக்கில் சேர்த்திருக்கிறார்.

'எதிர்பாராமல் பிடித்த வாழ்க்கை' என்ற அவருடைய முழக்கத்தை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். தூங்கி எழுந்து உடை மாற்றும் பெண்ணின் அறைக்குள் கேமரா தற்செயலாகப் போகவில்லை. காரின் மேல் நின்று சுற்றும் காவ்ஃப்மனைப் படம்பிடிக்க வேறொரு கேமரா வேண்டும். படமே அதைக் கண்ணடித்துச் சொல்கிறது என்பதால் எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. சக சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனுக்கு இந்த வகையே பிடிக்கவில்லை. தேவை சினிமாக் கண் அல்ல, சினிமா முஷ்டி என்று 1925-லேயே எழுதியிருந்தார். இந்தப் படத்தோடு அண்ணன் தம்பி உறவும் முறிந்தது. காவ்ஃப்மன் தனியே 'வசந்தத்தில்' (1929) எடுத்தார். அது இன்றும் போதுமான அளவு பேசப்படாத நல்ல படம். கடைசித் தம்பி போரிஸ் வெளிநாடு போய் பிரெஞ்சு இயக்குநர் ஜான் விகோவுக்கு ஒளிப்பதிவு செய்து, பின்னாளில் அமெரிக்காவில் ஆஸ்கர் வாங்கினார்.

ஒலி வந்ததும் வெர்த்தோவ் தன் பழைய அறுவை ஆலைக்கே திரும்பினார் என்று சொல்லலாம். 'உற்சாகம்: தொன்பாஸ் சிம்பொனி' (1931). ஆலைச் சத்தம் ஒலிப்பதிவுக்கு ஆகாது, வெறும் இரைச்சல்தான் மிஞ்சும் என்று நிபுணர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தபோது, பொறியாளர் ஷோரின் உருவாக்கிய முறையில் நடமாடும் ஒலிப்பதிவுக் கருவியைச் சுரங்கத்துக்கும் உருக்காலைக்கும் இழுத்துப் போனார்கள். கருவியின் எடை ஒரு டன்னுக்கு மேல். அதைவிட முக்கியம், சத்தத்தைப் படத்தோடு ஒட்ட வைக்காமல் படத்துக்கு எதிராகவும் வெட்டினார். தேவாலய மணி வேறெங்கோ ஒலிக்கும், ஆலைச் சங்கு வேறெங்கோ ஊதும். லண்டனில் பார்த்த சாப்ளின் மனம்விட்டுப் பாராட்டினார்.

அதன் பிறகு சரிவு. 'லெனினைப் பற்றி மூன்று பாடல்கள்' (1934) வெற்றிதான். அதற்காக ஸ்விலோவா ஆவணக் கிடங்குகளைத் துழாவி, அதுவரை வெளிவராத லெனின் காட்சிகளைக் கண்டெடுத்தார். கான்கிரீட் போடும் பெண் தொழிலாளி கேமராவைப் பார்த்துக் கூச்சத்தோடு பேசும் இடம் நேரடி ஒலியில் எடுத்தது. இன்றைய பேட்டிப் படங்கள் எல்லாவற்றுக்கும் அதுவே பாட்டி. 'தாலாட்டு' (1937), 'மூன்று வீராங்கனைகள்' (1938) இரண்டும் ஓரங்கட்டப்பட்டன. 1944-லிருந்து 1954 பிப்ரவரி 12-ல் புற்றுநோயால் இறக்கும் வரை 'நோவஸ்தி த்னியா' ('அன்றைய செய்திகள்') செய்திப்படத்தில் தொகுக்கும் வேலை. பார்த்தால் யார் தொகுத்தது என்று சொல்ல முடியாத படங்கள். ஸ்விலோவாதான் கணவரின் தாள்களையும் பிரேம்களையும் காப்பாற்றி, ஒரு பகுதியை மாஸ்கோ ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு பகுதியை வியன்னாவில் உள்ள ஆஸ்திரியத் திரைப்பட அருங்காட்சியகத்துக்கும் சேர்த்தார்.

பார்க்கப் போகிறவர்கள் பதிப்பைப் பார்த்து எடுக்க வேண்டும். பழைய பிரதிகள் பலவற்றில் 24 மில்லிமீட்டர் அகல மௌனப் படத்தின் இடது ஓரத்தில் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் ஒலித்தடத்துக்காக வெட்டப்பட்டிருக்கும். போல்ஷாய் ஷாட்டில் பிரிகோடு நடுவில் இல்லாமல் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தால் கையில் இருப்பது வெட்டுப்பட்ட பிரதி. 1931-ல் ஐரோப்பா வந்தபோது வெர்த்தோவ் ஆம்ஸ்டர்டாமில் விட்டுச்சென்ற முழுப் பிரேம் பிரதியிலிருந்து, அங்குள்ள 'ஐ' திரைப்பட அருங்காட்சியகமும் பாரிஸின் லாப்ஸ்டர் நிறுவனமும் மீட்டெடுத்த பதிப்பையே தேடுங்கள். நீளம் 90 நிமிடம் என்று போட்டிருந்தால் நொடிக்கு 18 பிரேமில் ஓட்டியிருக்கிறார்கள். ஒன்றிரண்டு பிரேம் வெட்டுகளின் அதிர்வு அதில் தளர்ந்துவிடும். இசைக்கு, வெர்த்தோவின் சொந்தக் குறிப்புகளை வைத்து 1995-ல் அமைத்த அலாய் ஆர்கெஸ்ட்ராவின் பதிப்பு என் தேர்வு. இன்னொரு பதிப்புக்கு இசையமைத்த மைக்கேல் நைமன் அழகாகத்தான் வாசிக்கிறார், ஆனால் படத்தின் தாளத்துக்கு மேல் தன் தாளத்தைப் போடுகிறார். 'மூன்று பாடல்கள்' படத்தில் இன்று கிடைப்பவை 1938, 1970 மறுபதிப்புகள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

'உற்சாகம்' படத்துக்கு மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை. 35 மி.மீ. ஃபிலிமில் ஒலி, தனக்குரிய பிரேமுக்குப் பக்கத்தில் இல்லாமல் சுமார் 20 பிரேம் முன்னால் அச்சாகியிருக்கும். எங்கோ கிழிந்து சில பிரேம்கள் போனால் படம் ஓரிடத்தில் போகும், ஒலி வேறிடத்தில் போகும். இப்படித் தளர்ந்து தளர்ந்து பல பத்தாண்டுகள் ஒலி பிசகிய பிரதியே சுற்றிவந்தது. அதைப் பார்த்தவர்கள் பிசகையும் முரண்சேர்ப்பு என்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள். 1972-ல் ஆஸ்திரியத் திரைப்படக் கலைஞர் பீட்டர் குபெல்கா ஒலியை மறுபடி படத்தோடு பொருத்தினார். சுத்தியல் விழுவதும் சத்தம் வருவதும் ஒன்றாக நடக்க வேண்டிய இடங்களில் இப்போது நடக்கிறது. அந்தப் பதிப்பை ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பாருங்கள். படத்தின் தொடக்கத்தில் ஓர் இளம்பெண்ணும் அதைத்தான் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.